கடையத்துச் சீனாக்காரன்

எண்ணெய் தேய்க்கிறவனுக்கு மூஞ்சி தெரியாது, மண்டைதான் தெரியும். குற்றாலத்துல பேரருவிக்கு வார ஆளை கல்லுல உக்கார வச்சு, பின்னால நின்னுகிட்டுதான தேய்க்கோம், பெறவு மூஞ்சிய எங்க பாக்க? சீசனுக்கு லச்சம் மண்டை உருட்டுவேன். போன வருசம் வந்த ஆளு எதிர்ல வந்து "என்னைத் தெரியுதா?"ன்னு கேட்டா முழிப்பேன். "திரும்பி உக்காருங்க அண்ணாச்சி"ன்னு சொல்லி உச்சந்தலையில கைய வச்சேம்னா, ஊரு, பேரு, கட்டின பொண்டாட்டி, கட்டாத பொண்டாட்டி அம்புட்டையும் சொல்லிருவேன்.

இத எதுக்கு மொதல்லயே சொல்லுதேம்னா, நம்பிராஜனுக்கு எதிரியே அவன் மூஞ்சிதான்.

கண்ணு ரெண்டும் பிளேடால கீறி விட்ட மாதிரி இருக்கும். மூக்கு சப்பை. மீசைன்னு பதினோரு முடி. பன்னெண்டாவது இன்னைக்கி வரும் நாளைக்கி வரும்னு நாங்க எல்லாரும் பத்து வருசமா காத்துக் கிடக்கோம். ஆனா பேரு நம்பிராஜன். அப்பா பேரு அணைஞ்சபெருமாள், ஊரு கடையம். அந்த மனுசன் வாலிபத்துல ரங்கூனுக்குப் போயி, அரிசி மில்லுல வேலை பாத்து, மா கின்னுன்னு ஒரு பர்மாக்காரியைக் கட்டிக்கிட்டாரு. அறுவத்தஞ்சுல நம்ம ஆளுகள எல்லாம் கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்கல்லா, அப்பம் அப்பனும் மகனும் ஏறிட்டாங்க. மா கின்னுக்குக் கப்பல் ஏற சர்க்கார் காயிதம் வரல. "பின்னால வாரேன்"னு கரையில நின்னு கை காட்டினவதான். பெறவு ஒரு கடுதாசி இல்ல, ஒரு தகவல் இல்ல. போட்டோ கூட கெடையாது. அம்மாவைப் பாக்கணும்னா நம்பிராஜன் சவரக் கண்ணாடிய எடுத்துப் பாத்துக்கிடுவான்.

ஊருக்கு வந்த மூணாம் வருசம் அப்பனும் காய்ச்சல்ல போய்ச் சேந்தாரு. அப்பாவோட அண்ணன் சுந்தரபாண்டியன், பட்டாளத்துக்காரரு. அறுவத்திரெண்டு சீனாச் சண்டையில பனியில மாட்டி வலது கால்ல ரெண்டு வெரலைக் குடுத்துட்டு வந்தவரு. தம்பி மகன் மூஞ்சியப் பாத்த ஒடனே, இல்லாத வெரலு ரெண்டும் ஊறுதுன்னு செருப்பக் கழத்தித் தடவினாரு. "இவன் எங்க ரத்தம் இல்லலே"ன்னு சொல்லிட்டாரு.

பயலுக்குப் போக்கெடம் இல்ல. எழுவத்தொண்ணுல சாரல் பிடிச்ச ஒடனே எண்ணெய்க் கிண்ணத்தோட வந்து என் பக்கத்துக் கல்லுல நின்னான். மூணு நாளு ஒருத்தன் உக்காரல. வாரான், மூஞ்சியப் பாக்கான், "சீனாக்காரன்லா வே"ங்கான், துண்டத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போறான். நாலாம் நாளு பய வயிறு இரைஞ்ச இரைச்சல்ல அருவிச் சத்தமே கேக்கல பாத்துக்கிடுங்க. எனக்குப் பொறுக்கல. வாய்தான சும்மா கெடக்குன்னு ஒரு கூவு கூவினேன்.

"வாங்க வாங்க! சீனாவுல ஏழு வருசம் நரம்பு படிச்சவன்! கைய வச்சா முப்பது வருசத்துத் தலைவலி மூட்டையைக் கெட்டிக்கிட்டு மதுரைக்கு ஓடும்!"

மூணு நாளா ஓடுன சனம் வரிசையில நின்னுட்டு. அந்த வரிசையிலதான் தில்லைநாயகம் முதலாளியும் நின்னாரு.

அவருக்கு ரெண்டு மில்லு, மூணு காரு, அஞ்சருவி ரோட்டுல ஒரு பங்களா. மழைல நனையக் கூடாதுன்னா மேகத்தையே வெலைக்கு வாங்கிருவாரு. ஆனா தூக்கம் மட்டும் கெடையாது மனுசனுக்கு. நம்பிராஜன் கை பட்ட ரெண்டாவது நிமிசம் கொறட்டை விட்டாரு. கொரங்கெல்லாம் பயந்து மரத்துக்கு மேல போயிட்டு. முழிச்சதும், "சீனா, இனிமே என் தலை உன் கையில"ன்னாரு. சீசனுக்கு அவரு வந்தா எண்ணெய். சீசன் இல்லாத மாசம் பங்களாக் காவலு. பங்களாவுக்குப் பின்னால குடியிருக்க ஒரு ரூம்பு. அந்த ரூம்பை நம்பித்தான் பண்பொழில இருந்து பேச்சித்தாயக் கெட்டிக் கூட்டிட்டு வந்தான். ஒரு பொம்பளப் பிள்ளையும் பொறந்துது. குழல்வாய்மொழின்னு குற்றாலத்து அம்மன் பேரையே விட்டான்.

நான் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், "ஏலே, முதலாளிட்ட நெசத்தச் சொல்லிருவமா?"

"மொத நாளே சொல்லியிருக்கணும்ணே. இப்பம் சொன்னா இத்தன வருசம் ஏமாத்தினேன்னுல்லா ஆவும்."

மொதல்ல பசியில வாய மூடினான். பெறவு பழக்கத்துல மூடினான். பெறவு அந்த ரூம்புக்குப் பயந்து மூடினான்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். கடையத்துக்கு மேக்க, மலையடிவாரத்துல அவங்க சாஸ்தா கோயில் இருக்கு. பங்குனி உத்தரத்துக்குப் பங்காளிமாரு எட்டு வீட்டுக்காரனும் வரிசையா அடுப்பு வச்சுப் பொங்கல் விடுவான். வீட்டுக்கு மூணு கல்லு. எந்தக் கல்லு எங்கனன்னு சுந்தரபாண்டியன் சுண்ணாம்புப் பொடியால கோடு போடுவாரு. கோட்டுல அடுப்பு இருந்தா பங்காளி. இல்லன்னா சாமி கும்பிட வந்த வழிப்போக்கன். நம்பிராஜன் வருசா வருசம் போவான், புளியமரத்துக்குக் கீழ நிப்பான், விபூதி பூசிட்டு வந்துருவான். பிள்ளைக்கு மொத முடி அந்தக் கோயில்லதான், அதுவும் பங்காளியா நின்னுதான் எறக்கணும்னு கத்திரி படாம வச்சிருந்தான். மூணு வயசுல அந்தச் சிட்டுக்கு முடி இடுப்புக்கு வந்துட்டு. பின்னால இருந்து பாத்தா முடிக்குக் கால் மொளச்சு நடக்க மாதிரி இருக்கும்.

எழுவத்தெட்டுப் பங்குனியில பேச்சித்தாய் பிள்ளையத் தூக்கிட்டுப் போயி சுந்தரபாண்டியன் கால்ல விழுந்துட்டா. எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. பெறவு, "அடுத்த பங்குனிக்கு வா தாயி. ஒரு அடுப்புக்கு எடம் விடுதேன். பிள்ளைக்கு மொட்டையும் இங்கனயே போட்டுக்கிடலாம்"னுட்டாரு. திரும்பி வரயில பஸ்சுல நம்பிராஜன் பேசினாம் பாருங்க, கப்பல் எறங்கினதுல இருந்து அவன் பேசின மொத்தப் பேச்சும் அந்த ஒரு பஸ்சுலதான். கண்டக்டரு எறங்கி ஓடாததுதான் மிச்சம்.

அந்த வருசம் சாரல் விழாவுலதான் வந்துது வெனை.

மேடையில ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எல்லா மனுசனும் ஒண்ணுன்னு பேசினாங்க. கடைசியில நம்ம தில்லைநாயகம் முதலாளி மைக்கைப் பிடிச்சாரு.

"எனக்கு நிறம், இனம் ஒண்ணும் கிடையாது. சீனாக்காரன் நமக்கு எதிரின்னு சொல்றீங்க. நான் என் கழுத்தையே ஒரு சீனாக்காரன் கையில குடுத்திருக்கேன்! அவங்க எறும்பு இனம். வேலை தவிர ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள தந்திரம் உண்டு, ஆனா அன்பா சோறு போட்டா காலடியில கிடப்பான். நம்ம ஆளு? பாதி எண்ணெய் தலைக்கு, பாதி எண்ணெய் வீட்டுக்கு! வெறுப்பை விடுங்க. என்னைப் பாத்துக் கத்துக்குங்க!"

என்னா கைதட்டு! அருவி ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டு விழுந்துது.

மறுநா சாயங்காலப் பேப்பர்ல, சீனரை நேசிக்கும் ஆலை அதிபர்னு கொட்டை எழுத்து. மசூது அண்ணன் டீக்கடையில சத்தமா வாசிச்சாரு. வாசிச்சு முடிச்சுக் கண்ணாடியக் கழத்தினாரு.

"வே, இந்தாளு யாரை ஏசியிருக்கான், யாரைப் புகழ்ந்திருக்கான்? ரெண்டும் ஒண்ணு போலல்லா இருக்கு!"

ஊரு ரெண்டாப் பொளந்துட்டு. தேசத் துரோகி சீனனுக்கு அடைக்கலமான்னு ஒரு கூட்டம் போஸ்டர் ஒட்டினான். மனுசனை எறும்புன்னு சொன்ன முதலாளியே மன்னிப்புக் கேளுன்னு இன்னொரு கூட்டம் அதே செவத்துல ஒட்டினான். ஒரு ஆடு ரெண்டையும் தின்னுட்டு நடுநிலையாப் போச்சு. முதலாளி பெரிய மனசுக்காரருன்னு லாட்ஜுக்காரங்க வாழ்த்துத் தந்தி குடுத்தாங்க. எங்க ஆளுகளுக்கு எண்ணெய்த் திருடன்னு சொன்ன கோவம். அந்தக் கோவத்தை முதலாளிட்டயா காட்ட முடியும்? நம்பிராஜன் வந்தா, "எறும்பு வருது, கருப்பட்டிய மூடுங்கலே"ன்னாங்க. ஒரு ஏட்டையா வந்து "ஒன் பாஸ்போட்டை எடு"ன்னாரு. பர்மா அகதி அட்டையக் காட்டினான். திருப்பித் திருப்பிப் பாத்தாரு, ஒண்ணும் வெளங்கல. "சரி, வந்தது வந்துட்டேன், கழுத்துப் பிடிப்பை எடுத்து விடு"ன்னு உக்காந்துட்டாரு.

அத்தன பேரும் நம்பிராஜனப் பத்திப் பேசினான். நம்பிராஜன்ட்ட ஒருத்தனும் பேசல.

மூணாம் நாளு சுந்தரபாண்டியன் பஸ் ஏறி வந்துட்டாரு. கையில அந்தப் பேப்பரு.

"ஏலே, பங்காளிமாரு அத்தன பேரும் என் வாசல்ல வந்து நிக்கான். அச்சுல ஏறிட்டு, இனி நாம என்ன சொல்லன்னு கேக்கான். நான் என்னலே பதில் சொல்ல?"

"பெரியப்பா, அது..."

"நெறைவு நாளுல அதே மேடையில ஏறு. நான் சீனாக்காரன் இல்லன்னு அதே மைக்குல சொல்லு. சொன்னா கோட்டுல அடுப்பு. இல்லன்னா ஒனக்குப் புளியமரம்தான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியல. "அண்ணாச்சி, ஒங்க மண்டை என் கையில பத்து வருசமா இருக்கு. வலது காதுக்குப் பின்னால கொட்டைப்பாக்கு கணக்கா ஒரு மேடு, அதுக்குக் கீழ ஒரு பள்ளம். அதே மேடு, அதே பள்ளம் இவனுக்கும் இருக்கு. ஒரே தச்சன் இழைச்ச மாதிரி. தொட்டுப் பாருங்க."

அவரு என்னைப் பாத்த பார்வையில கிண்ணத்து எண்ணெய் கொதிச்சுது. "ஏலே, சீனாவுல நரம்பு படிச்சான்னு கூவின வாயிதான இது? இன்னைக்கி மேடுங்க, நாளைக்கி கொம்புங்குவ. போலே, கோட்டிக்காரப் பயலே."

அங்கன இருந்து நேரா முதலாளி பங்களாவுக்குப் போனேன். கால்ல விழாத கொறையா, "முதலாளி, அவன் கடையத்துக்காரன். வியாபாரத்துக்காக நான்தான் புளுகினேன்"னேன்.

முதலாளி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "உன் வாயில உண்மை வந்த சரித்திரம் உண்டா? போன வருசம் அருவியில யானை குட்டி போட்டுச்சுன்னு சொன்னவன்தானே நீ!"

நெசந்தான், சொன்னேன்.

சிரிப்பு அடங்கினதும் சொன்னாரு: "அவன் சீனாக்காரன் இல்லேன்னா, ஏழு வருசமா என்னை ஏமாத்தினவன். ஏமாத்துறவனை எதுக்கு என் வீட்டுல வச்சிருக்கணும்? போ, போ. நிறைவு நாள்ல அவனை மேடையேத்திப் பொன்னாடை போத்தப் போறேன். போஸ்டர் ஒட்டினவன் வாயெல்லாம் அடைபடும்." தென்காசி நாடகக் கம்பெனியில இருந்து பச்சைப் பட்டுல பாம்பு மாதிரி ஒரு மிருகம் போட்ட அங்கி ஒண்ணும் எடுத்தாந்து வச்சிருந்தாரு. அதப் போட்டுக்கிட்டுத்தான் அவன் ஏறணுமாம்.

ஏறி உண்மையச் சொன்னா ரூம்பு போச்சு. சொல்லலன்னா அடுப்பு போச்சு. ஏறாம இருந்தா ரெண்டும் போச்சு. எலிப்பொறியில கூட எலி வந்த வாசல்னு ஒண்ணு இருக்கும். இவனுக்கு அதுவும் இல்ல.

நெறைவு நாளு மத்தியானம் போனேன். பயல் சவரக் கண்ணாடி முன்னால உக்காந்திருக்கான். கத்தி கையில இருக்கு, சவரம் நடக்கல.

"நான் சீனாக்காரன் இல்லன்னு சொல்ல நாக்கு கூசலண்ணே. அது பொய் இல்ல. ஆனா இந்த மூஞ்சி எங்கம்மாவோடது. ஊரு முன்னால நின்னு அது இல்ல, அது இல்லன்னா, அவளையே இல்லன்னு சொன்ன மாதிரில்லா இருக்கு."

பேச்சித்தாய் பிள்ளைக்குத் தலை சீவிக்கிட்டே சொன்னா: "அப்பம் அத்தையவும் சேத்துச் சொல்லுங்க. மாமா பேரு, அத்தை பேரு, ரெண்டையும் மைக்குல சொல்லுங்க. ரூம்பு போனா பண்பொழில எங்க வீட்டு மாட்டுத் தொழுவு இருக்கு. அந்த மாடு நம்மள என்ன இனம்னு கேக்காது."

சாயங்காலம் மேடை. சாரல்ல நனைஞ்சுக்கிட்டே நாலாயிரம் பேரு. கடைசி பெஞ்சுல சுந்தரபாண்டியன் வெறைப்பா உக்காந்திருக்காரு. பாம்பு அங்கியோட நம்பிராஜன் ஏறினான். அங்கி அவனவிட ஒரு முழம் நீளம். பொன்னாடை விழுந்துது. அவன் மைக்கைப் பிடிச்சான்.

"எல்லாருக்கும் கும்பிடு. எம் பேரு நம்பிராஜன். நான் சீனாக்காரன் கெடையாது..."

எங்கயோ ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிச்சான். ஒடனே கூட்டம் முழுக்க கைதட்டு.

"எங்கப்பா கடையத்து அணைஞ்சபெருமாளு. எங்கம்மா பேரு மா கின், பர்மாக்காரி. ரங்கூன்ல உட்டுட்டு வந்துட்டோம். உசுரோட இருக்காளா இல்லையான்னு தெரியாது. எங்க பெரியப்பா அந்தா கடைசி பெஞ்சுல இருக்காக..."

அவன் பேசப் பேச சனம் விழுந்து விழுந்து சிரிக்கி. முதலாளி ஓடி வந்து மைக்கை வாங்கினாரு. அவரு கண்ணுல ஆனந்தக் கண்ணீரு.

"பாத்தீங்களா! நம்ம திருநெல்வேலித் தமிழை நம்மளை விட நல்லாப் பேசுறான்! நம்ம ஊர்க்காரன் மாதிரியே கதை சொல்றான்! அவங்க இனம் அப்படி. எதையும் பாத்த உடனே அச்சுப் பிசகாம செஞ்சுருவான்!"

"ஏலே சீனா, இன்னொருக்க பேசு!" "அந்தக் கடையத்தை இன்னொருக்கச் சொல்லுலே!"ன்னு சுத்துமுத்தும் கூப்பாடு.

நான் பெஞ்சு மேல ஏறி, "அவன் சொல்லுதது அம்புட்டும் நெசம் வே!"ன்னு கத்தினேன். என்னையத் தெரியாதவன் எவன் இருக்கான் அங்கன? சிரிப்பு ரெண்டு மடங்கு ஆயிட்டு.

கடைசி பெஞ்சப் பாத்தேன். பக்கத்துல இருந்தவன் சுந்தரபாண்டியன் தொடையத் தட்டி, "யாரு வே அந்த அணைஞ்சபெருமாளு? நல்ல பேராத்தான் பிடிச்சிருக்கான்"னு கேக்கான். செத்துப்போன தம்பி பேருக்கு நாலாயிரம் பேரு சிரிக்கான். மனுசன் எந்திரிச்சாரு, செருப்ப மாட்டினாரு, நடந்துட்டாரு.

ரூம்பு போகல. உண்மையச் சொன்ன பெறவும் போகல. அதான் கொடுமை. முதலாளிக்கு இப்பம் அவன் மேல பாசம் நாலு மடங்கு. விருந்தாளி வந்தா அவனைக் கூப்பிட்டு, "அந்தக் கடையம் பேச்சைப் பேசு சீனா"ம்பாரு. பேசுவான். சிரிப்பாங்க. எண்ணெய் எடுத்துத் தேய்ப்பான். எட்டு மாசம் ஓடிட்டு. கடையத்துல இருந்து ஒரு சொல்லு வரல.

எழுவத்தொம்பது பங்குனி உத்தரம். கூப்பிட ஆளு இல்ல, இருந்தும் கெளம்பிட்டோம். பொங்கப் பானை என் தலையில, அடுப்புக்கல்லு மூணும் அவன் தோள்ல சாக்குல. கல்லு அங்கனயே கெடைக்கும்லே மூதின்னேன். கேக்கல.

கோயில்ல சுண்ணாம்புக் கோடு போட்டு எட்டு அடுப்பும் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. எங்களப் பாத்ததும் சுந்தரபாண்டியன் சுண்ணாம்பு டப்பாவோட வந்தாரு. கோட்டுக் கடைசிக்குப் போனாரு. அங்கன இருந்து அரை முழம் தள்ளி ஒரு துண்டுக் கோடு இழுத்தாரு. வரிசையிலயும் இல்ல, வெளியவும் இல்ல.

"இந்த வருசம் இங்கன வச்சுக்கோ"ன்னாரு, அவன் மூஞ்சியப் பாக்காம. "பேரு கெட்டுக் கெடக்கு. ஊர் வாய் அடங்கட்டும்."

நம்பிராஜன் சாக்க அவுத்தான்.

பேச்சித்தாயோட அண்ணன் மடியில பிள்ளைய உக்கார வச்சு மொட்டை எறக்கினாங்க. நாலு வருசத்து முடி. நாவிதருக்குக் கத்தி ரெண்டு தடவ மழுங்கிட்டு. முடி எல்லாம் எறங்கி, தண்ணி ஊத்திக் கழுவினதும் சந்தனக் கிண்ணத்தோட சுந்தரபாண்டியன் வந்தாரு. மூத்தவரு கையால பூசுதது அவங்க வழமை. உச்சியில வச்சாரு, நெத்தியில வச்சாரு, அப்படியே கைய எறக்கினாரு. வலது காதுக்குப் பின்னால கை நின்னுட்டு.

எனக்கு எட்டிப் பாக்க வேண்டியதே இல்ல. மொட்டைத் தலையில கொட்டைப்பாக்கு மேடு வெயில்ல மின்னுது, கீழ பள்ளம்.

வெரலால ஒரு தடவ தடவினாரு. ரெண்டாந் தடவையும் தடவினாரு. இடது கைய மெதுவாத் தூக்கித் தன் காதுக்குப் பின்னால வச்சுப் பாத்தாரு. பெறவு என் பக்கம் திரும்பினாரு. நான் மலையப் பாத்துக்கிட்டு நின்னேன். என் ஆயுசுலேயே நான் வாய மூடிக்கிட்டு நின்னது அந்த ஒரு நிமிசந்தான்.

சத்தமாச் சொல்லுவாருன்னு நெனைச்சேன். சொல்லல. பங்காளிமாரு அத்தன பேரும் பாத்துக்கிட்டு இருக்கான். கிண்ணத்துச் சந்தனத்தை மொத்தமா அள்ளி அந்த மேட்டு மேலயே அப்பினாரு. "வெயிலு"ன்னு மட்டும் சொன்னாரு. அவருக்கும் ஒரு எலிப்பொறி இருக்கும்போல.

பொங்கல் பொங்கி, கொலவை போட்டு முடிச்சாச்சு. படையலுக்கு ஒவ்வொரு பானையில இருந்தும் ஒரு அகப்பை அள்ளி ஒரே எலையில போடணும். சுந்தரபாண்டியன் அள்ளிக்கிட்டே வாராரு. ஒண்ணு, ரெண்டு, எட்டு. எட்டோட நின்னாரு. பேச்சித்தாய் பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அந்த அரை முழத்தைப் பாத்தாரு. வெரலு இல்லாத காலைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சு, நம்பிராஜன் பானையில அகப்பைய விட்டு, முட்ட முட்ட அள்ளி, எலையில போட்டு, நல்லாக் கெளறி விட்டாரு. இனி எது எந்தப் பானைச் சோறுன்னு எந்தக் கொம்பன் வந்தாலும் பிரிக்க முடியாது. பங்காளிமாரு ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. ஒருத்தனும் தடுக்கல.

திரும்பி வரயில பஸ்சுல கேட்டேன். "ஏலே, பெரியப்பா ஒன்ன ஏத்துக்கிட்டாரா, இல்லியா?"

மொட்டைப் பிள்ள அவன் மடியில தூங்குது. சந்தனம் காஞ்சு உதுந்துக்கிட்டே வருது.

"அகப்பை ஏத்துக்கிட்டுண்ணே. கோடு இன்னும் ஏத்துக்கல"ன்னான்.

எண்பதுலயும் அந்த அரை முழம் அப்படியேதான் இருந்துது. எண்பத்தொண்ணுல நான் முழம் போட்டுப் பாத்தேன், ரெண்டு வெரக்கடை கொறஞ்சிருக்குன்னேன். நம்பிராஜன் சிரிச்சான், நம்பல. நான் சொன்னா எவன் நம்புதான்? இப்பமும் சாரல் பிடிச்சா முதலாளி காரு வந்து நிக்கும். "எங்கே என் சீனாக்காரன்?"னு கொரலு வரும். கிண்ணத்த எடுத்துக்கிட்டு எந்திரிப்பான். போற வழியில என் பின்னால வந்து நின்னு, அன்னைக்கி நான் கூவின கூவுக்கு, எண்ணெய்க் கையால என் பின்னங்கழுத்துல ஒரு தட்டுத் தட்டிட்டுப் போவான். தட்டுல ஒவ்வொரு வருசமும் பலம் கூடிக்கிட்டேதான் வருது.